கரையை அடைத்த லோடர்க்காரி

லோடர்க்காரி அந்த சைட்டில் சேர்ந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. மணலையும் ஜல்லியையும் அள்ளிக் கான்கிரீட் பிளாண்டின் தொட்டிகளில் கொட்டுவது அவள் வேலை. குவியலுக்குள் நேராகப் புகுந்து, பக்கெட் நிறைய அள்ளி, அதைத் தரையோடு தாழ்த்திப் பிடித்தபடியே ஓடி, தொட்டியருகே தூக்கிக் கவிழ்க்க வேண்டும். வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவளுக்குப் பசிகூடத் தெரியாது.

கம்பி மேஸ்திரி அவளுடைய சொந்த அண்ணன். "பாப்பா, எதையாச்சும் இடிச்சு என் மானத்தை வாங்கிடாதே" என்று தினமும் காலையில் சொல்லிவிடுவார்.

"உங்க மானம் அவ்வளவு லேசுல இடிஞ்சிடுமாண்ணா?" என்று அவளும் விடமாட்டாள்.

அன்று அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் போடும் நாள். சைட் முழுக்கக் கல்யாண வீட்டுப் பரபரப்பு. இரண்டு ஆள் ஆழப் பள்ளத்தில், பத்தொன்பது நாள் உழைத்துக் கட்டிய கம்பி வலைக்குள், அண்ணனும் பதினொரு ஆட்களும் கடைசி முடிச்சுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்கு முதல் கலவை இறங்க வேண்டும்.

ஒன்பதேகாலுக்கு, பள்ளத்தை ஒட்டி ஓடிய வாய்க்காலின் கரை பொலபொலவென்று சரிந்தது.

உயரத்தில் உட்கார்ந்திருந்ததால் முதலில் பார்த்தவள் அவள்தான். ஹார்னில் வைத்த கையை எடுக்கவேயில்லை. "அண்ணா! மேல ஏறுங்க! தண்ணி!"

இன்ஜினியர் தலைதெறிக்க ஓடி வந்தார். "எக்ஸ்கவேட்டரைக் கூப்பிடுங்க!"

எக்ஸ்கவேட்டரோ சைட்டின் அந்தக் கோடியில், செயின் சக்கரத்தில் நின்றிருந்தது. "அது ஊர்ந்து வர்றதுக்குள்ள பள்ளம் குளமாயிடும் சார். நான் போறேன்!"

பதிலுக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிட்டாள். பக்கெட்டில் ஏற்கெனவே இருந்த மணலை உடைப்பில் கொட்டினாள். சர்க்கரை மாதிரி அடுத்த நொடியே காணாமல் போனது. ஜல்லியும் இப்படித்தான் ஓடும் என்று அவளுக்குப் பட்டது. கண் சுற்றிலும் தேடியது. தடுப்புச் சுவருக்காக இறக்கிய பாறாங்கற்கள்!

வண்டி உறுமிக்கொண்டு கற்குவியலில் மோதியது. பக்கெட்டின் பற்கள் கிறீச்சிட்டன. நான்கைந்து கற்களை வாரிக்கொண்டு கரை மேலேயே ஓட்டினாள். முதல் கல் உருண்டது, இரண்டாவது நின்றது. "நின்னுடுச்சு! நின்னுடுச்சு!" என்று கேபினுக்குள் தனியாகக் கத்தினாள்.

பள்ளத்தின் எதிர்ப்பக்கம் இருந்தது ஒரே ஒரு ஏணி. அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொருவராகத் தள்ளி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் ஒரு நடை போய் வருவதற்குள் இரண்டு பேர் ஏறியிருந்தார்கள்.

மூன்றாவது நடையில் முன்சக்கரம் ஈர மண்ணில் புதைந்தது. வண்டி வாய்க்கால் பக்கம் சாய்ந்தது. "குதிச்சிடும்மா!" என்று இன்ஜினியர் அலறினார்.

அவள் குதிக்கவில்லை. பாரம் இருந்தால்தானே இழுக்கும்? கற்களை அப்படியே உடைப்பில் தட்டிவிட்டாள். காலி பக்கெட்டின் முனையைத் தரையில் ஊன்றி அழுத்தினாள். முன்சக்கரங்கள் மெல்ல எழும்பின. ரிவர்ஸ் போட்டு, பக்கெட்டாலேயே தரையை உந்தித் தள்ளினாள். ஒரு உலுக்கு. இன்னொரு உலுக்கு. வண்டி கெட்டியான மண்ணுக்கு வந்து சேர்ந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கல், அதன் இடுக்குகளில் ஜல்லி, மேலே களிமண். பக்கெட்டின் அடிப்பாகத்தாலேயே மண்ணைத் தட்டித் தட்டி இறுக்கினாள். பத்தாவது நடையில் தண்ணீர் கசிவாகச் சுருங்கியது. பன்னிரண்டாவதில் நின்றேவிட்டது.

கடைசியாக ஏறிய அண்ணன், சொட்டச் சொட்ட வந்து லோடரின் படியைப் பிடித்துக்கொண்டார்.

"கீழேருந்து பார்த்தேன். கல்லு கல்லா விழுது. எவன்டா இப்படிப் பேய் மாதிரி ஓட்டுறான்னு நினைச்சேன்."

"எவனுமில்ல. நான்தான்."

"தெரியும். ஹார்ன் அடிச்ச அடியிலேயே தெரிஞ்சுபோச்சு." சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எங்க பன்னெண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்ல பாப்பா" என்றார். தணிந்த குரலில்தான் சொன்னார். ஆனாலும் பக்கத்தில் நின்றவர்கள் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்று பம்புகள் வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். கம்பிகளில் ஒட்டிய சேற்றைப் பீய்ச்சிக் கழுவினார்கள். ஒரு முடிச்சும் அவிழவில்லை என்று அண்ணன் இரண்டு தடவை இறங்கிப் பார்த்து உறுதி சொன்னார். நாலு மணிக்கு இன்ஜினியர் பிளாண்ட் பக்கமிருந்து கையை ஆட்டினார்.

"அம்மா, மணல் தொட்டி காலி! ஆரம்பிக்கலாமா?"

அவள் இரண்டே எட்டில் கேபினில் ஏறினாள்.