மிளகாய் மில் சந்து

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில் புது வீட்டுக்குக் குடிவந்தபின் லீலாவுக்கு ஒரே ஒரு குறைதான். சண்டை போட இடமில்லை.

சிராங்கூன் ரோட்டுக் கடைவீட்டு மாடியில் மாமியார், நாத்தனார், கொழுந்தன்மாரோடு நெருக்கியடித்து இருந்தபோது அந்தக் கவலையே இருந்ததில்லை. பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் கேட்கும். அதனால் கல்யாணமான வாரமே வடிவேலு அவளைக் கீழே மிளகாய் மில்லை ஒட்டிய சந்துக்குக் கூட்டிப்போனான். மில் சத்தத்தில் காதோரம் வந்து கத்தினால்தான் கேட்கும். அழுதாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அங்கே எல்லோர் கண்ணிலும் நீர் வழியும். அவர்கள் அந்தச் சந்தில் பேசித் தீர்க்காத வழக்கே இல்லை.

இங்கே தனி வீடு, தாழ்ப்பாள் போட்ட கதவு. ஆனால் அந்த அமைதியில் குரலை உயர்த்த அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மலேசியாவின் ஈப்போவிலிருந்து வேலைக்கு வரும் தன் பெரியப்பா மகன் பரமசிவத்தை முன்னறையில் தங்கச் சொல்லிவிட்டதாக வடிவேலு சொன்னபோது, "சரிங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு அடுப்படியில் பாத்திரங்கள்தான் பேசின.

சனிக்கிழமை மத்தியானம் வடிவேலு தட்டை நகர்த்தினான். "ரசத்துல உப்பே இல்ல. கோபமா?"

"இல்லீங்க."

"கத்தித் தொலையேன் லா."

"இங்க வரமாட்டேங்குது. சேலைய மாத்திட்டு வர்றேன். பஸ்ல போயிடலாம்."

வடிவேலு சிரிக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டான். வழியெல்லாம் லீலா வாய் திறக்கவில்லை. ஒரு வார்த்தையைக்கூட பஸ்ஸில் வீணாக்க அவளுக்கு மனமில்லை.

சந்தில் நுழைந்து மூக்கில் காரம் ஏறியதும் அவளுக்குக் குரல் வந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"யாரைக் கேட்டு அவரை வரச் சொன்னீங்க?"

"என்னது?"

"கிட்ட வாங்க! யாரைக் கேட்டு?"

"பாவம், தங்க இடமில்லாம..."

"நாம காலி பண்ணின தடுப்பறை இங்க மாடியில சும்மாதானே கெடக்கு? இத்தனை வருஷத்துல உங்ககூடத் தனியா உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டிருக்கேனா? இப்பத்தான் நாம ரெண்டு பேர்னு ஒரு வீடு. அதுக்குள்ள ஆள் சேர்க்கிறீங்க!"

வடிவேலு அவள் காதருகே குனிந்தான். இதுவரை இது அவன் புத்திக்கு எட்டியதே இல்லை.

"சரி லீலா. இப்பவே மேல போய் அம்மாகிட்ட சொல்றேன். பரமசிவம் இங்கயே இருக்கட்டும்."

படியேறப் போனவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க ஓடறீங்க? ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். இன்னும் பாதிகூட முடிக்கல!"