சொல்லக் கூடாதவை

ஆம்புலன்ஸில் ஒன்பது வருடம் ஓடியவளுக்கு, லைசென்ஸைப் புதுப்பிக்கப் புதிதாக ஒரு வகுப்பு வேண்டுமாம். மனநல முதலுதவி, இரண்டு நாள், கடைசியில் செய்முறைத் தேர்வு. தவறினால் அடுத்த வகுப்பு மூன்று மாதம் கழித்துத்தான். அதுவரை வண்டி ஏற முடியாது. செங்கல்பட்டில் அந்த ஹாலுக்குள் போகும்போதே எனக்கு எரிச்சல்.

பயிற்சி கொடுத்த பிரதீபா என்னைவிடச் சின்னவள். பலகையில் 'சொல்லக் கூடாதவை' என்று தலைப்புப் போட்டு, முதல் வரியாக எழுதினாள்: "விடுங்க, எல்லாம் சரியாயிடும்."

எனக்கு மோசஸ் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

ஏழு வருடம் என் வண்டியை ஓட்டியவர் அவர். நான் பின்னால் ஊசி போடும்போது, பள்ளம் வருவதற்கு முன்னாலேயே "குலுக்கும், புடிச்சிக்கோம்மா" என்று கத்துவார். இப்போது ஓட்டுகிறவன் நல்லவன்தான், ஆனால் வாயே திறக்கமாட்டான். தலையில் இடித்துக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் அண்ணனைத் தேடுகிறேன். கருங்குழியில் டீக்கு நிறுத்தினால் தேடுகிறேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் வீட்டுக்காரர் துபாய் போனபோதுகூட இவ்வளவு ஏங்கவில்லை.

மாமல்லபுரம் கடலில் மூழ்கிய ஒரு குழந்தையை ஏற்றிக்கொண்டு வந்தோம். வழியிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு அண்ணன் வண்டியின் தரையைத் தினமும் கழுவினார். கழுவினதையே மறுபடி கழுவினார். "விடுண்ணா, சரியாயிடும்" என்றேன். "சரிம்மா" என்று சிரித்தார். பத்தே நாளில் சாவியைக் கொடுத்துவிட்டுக் சொந்த ஊரான கடப்பாக்கத்துக்குப் போய்விட்டார். எட்டு மாதமாகிறது. முதலில் இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. பிறகு நானும் செய்யவில்லை. எடுத்து ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயம். அதுதான் உண்மை.

இரண்டாம் நாள் மத்தியானம், தேர்வுக்கு முன்னால் ஒத்திகை. என்னோடு வகுப்புக்கு வந்த ஹரிப்ரியா மனம் உடைந்தவளாக நடிக்க வேண்டும், நான் நேராகக் கேட்க வேண்டும்: செத்துவிடத் தோன்றுகிறதா என்று. கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது, கேட்டால்தான் ஆள் பேசுவார் என்றாள் பிரதீபா. நடிப்புதானே? எனக்கு வாய் வரவில்லை. எழுந்து தாழ்வாரத்துக்கு வந்து அண்ணனுக்குப் போன் போட்டேன்.

எடுத்தார்.

"இன்னாம்மா ஷஃபானா, டூட்டி இல்லியா?"

அந்தக் குரலுக்கே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. செத்துடலாம்னு உனக்குத் தோணுதா?"

அண்ணன் கதவைச் சாத்திவிட்டு வாசலுக்கு வரும் சத்தம் கேட்டது.

"தெனம் தோணுதும்மா."

"இன்னிக்கு?"

"இன்னிக்கும்தான்."

"அண்ணி பக்கத்துல கீறாங்களா?"

"உள்ள கீறா. அவளுக்குத் தெரியாது."

"அவங்களக் கூப்புட்டுப் பக்கத்துல உக்கார வெச்சிக்கோ. நான் வரேன். போனை வெக்காத."

அண்ணியைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அதற்குள் பிரதீபா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "ஷஃபானா மேடம், அடுத்து உங்க டெஸ்ட்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு, "வரலன்னு போட்டுக்கோங்க" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் என் பையை எடுத்து வந்து தோளில் மாட்டிவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டு வரையிலும், பஸ் ஏறின பிறகும் போன் காதிலேயே இருந்தது. அண்ணன் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசினார், அதன் ஈரக் கவுனைப் பற்றிப் பேசினார், நடுவில் நிறுத்தி அழுதார். மதுராந்தகம் தாண்டும்போது கொஞ்சம் அடங்கி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்.

"வேலைய வுட்ட அன்னிக்கு, சாவி குடுக்கறப்ப, நீ கேப்பன்னு ரொம்ப நேரம் நின்னுகினு இருந்தேம்மா."

நின்றதை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வண்டிக்குள் போய்ப் பஞ்சு அடுக்கிக்கொண்டிருந்தேன்.