தோளில் இருந்த நான்கு விரல்கள்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் அசட்டையில் பிறந்தது. அச்சகத்தில் பக்கம் அமைப்பது என் பிழைப்பு. வார்டு தேர்தலில் நிற்கும் என் அக்காவுக்குத் துண்டறிக்கை தயாரித்தேன். அச்சாகி வீடு வீடாகப் போன பிறகுதான் பார்த்தோம். படத்தில் அக்காவின் தோளில் நான்கு விரல்கள் இருந்தன. விரல்களுக்கு உரிய ஆளைக் காணோம்.

(இதற்கு முன் வேறு தொடக்கங்களும் எழுதினேன். ‘ஜனநாயகம் என்பது…’ எனக்கே கூசியது. ‘அவள் மேடையேறியபோது காற்று…’ மேடையும் இல்லை, காற்றும் இல்லை. இன்னொன்று மாமாவில், அதாவது அக்காவின் கணவரில் தொடங்கியது. அவரிடம் பிறகு வருகிறேன்.)

2.

அக்கா குடிநீர் வாரியத்தில் பதினாறு வருஷம் தண்ணீர் பரிசோதித்தவள். கிழக்குத் தெருவில் சாக்கடை குடிநீர்க் குழாயில் கலக்கிறது என்று ஒன்பது முறை எழுதிக் கொடுத்தாள். ஒன்பதும் கோப்புக்குள் தூங்கின. அங்கே குழந்தைகள் மாறி மாறிக் காய்ச்சலில் விழுந்தார்கள். ஒருநாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுத் தேர்தலில் நின்றாள். தோற்றால் வேலையும் கிடையாது, குழாயும் மாறாது.

எதிரே நிற்பவரின் அறிக்கையில் மனைவி, இரண்டு மகள்கள், மருமகன் என்று வீடே திரண்டு நின்றது. ‘வீட்டைக் காத்தவர் வார்டையும் காப்பார்’ என்று கீழே ஒரு வரி. அக்காவும் மாமாவுமோ பிரிந்து இரண்டு வருஷமாகிறது. விவாகரத்து இல்லை, சண்டை சச்சரவு இல்லை, வேறு வேறு வீடு. வெளியே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் அவ்வளவுதான் என்று அக்கா பயந்தாள். அவளைவிட நான் பயந்தேன்.

படத்துக்கு நிற்கச் சொன்னால் அக்காவின் முகம் தண்ணீரில் கிருமியைக் கண்ட முகமாகிவிடும். அவள் வாய்விட்டுச் சிரிக்கும் படம் எங்களிடம் ஒன்றே ஒன்று இருந்தது. பக்கத்தில் மாமா. அவர் ஏதோ சொல்லியிருக்கிறார், அதற்குத்தான் சிரித்திருக்கிறாள். சிரிப்பை வைத்துக்கொண்டு மாமாவை வெட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், காம்பு வெளியே தெரிந்தது.*

* அச்சகத்தில் எழுத்துப்பிழைக்காக எதையும் மூன்று தடவை படிப்போம். நான் படித்தேன், முதலாளி படித்தார், அக்காவும் படித்தாள். விடுபட்ட ஒரு புள்ளியைக்கூடக் கண்டுபிடித்தோம். படத்தை யாரும் படிப்பதில்லை. எங்கள் தொழிலின் வியாதி அது.

3.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. கை யாருடையது? அண்ணனா, நண்பனா, வேறு யாராவதா? இரண்டே நாளில் அந்த விரல்களுக்கு நான்கைந்து சொந்தக்காரர்கள் முளைத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் மாமாவை வில்லனாக்க இரண்டு முறை முயன்றேன். ‘அவன் கண்களில் ஒரு…’ என்று எழுதி நிறுத்தினேன். மனிதர் லிப்ட் பழுதுபார்ப்பவர். பாதி வழியில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசிப் பேசிப் பழகியவர். அவர் குரலே உயராது. வில்லன் வேலைக்குச் சுத்தமாக லாயக்கில்லை.

அவரே போன் செய்தார்.

“என்ன மாப்ள, ஆளை வெட்டிட்டு கையை மட்டும் வேலைக்கு வச்சிருக்கியாம்?”

“மாமா, மன்னிச்சிருங்க…”

“அட விடுப்பா. யார் கேட்டாலும் என் கைன்னே சொல்லச் சொல்லு அவளை. தனியா இருக்கோம்னும் சொல்லட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல.”

“ஓட்டு போயிருமே மாமா.”

“என் ஓட்டு அவளுக்குத்தான். ஒரே வீட்டுல இருக்கத்தான் முடியல. குழாய் விஷயத்துல அவ யாரையும் தூங்க விடமாட்டா. நான் அனுபவிச்சவன், சொல்றேன்.”

போனை வைத்தேன். அவரை வெட்டியது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

4.

[இங்கே ஒரு கட்டுரை வரவேண்டும். வேட்பாளரின் கல்யாணம் நமக்கு எதற்கு என்று முழங்கி முடித்துவிடலாம். ஆனால் நான் யோக்கியனா? போன தேர்தலில் ஒருவருக்கு நான் ஓட்டுப் போடவில்லை. கார் கதவை அழுத்திச் சாத்தவில்லை என்று தன் மனைவியை நாலு பேர் பார்க்க ‘ஏய், கை இல்லையா உனக்கு?’ என்று அதட்டினார். அவர் திட்டங்களை நான் படிக்கக்கூட இல்லை. அது தப்பென்று இப்போதும் தோன்றவில்லை. ஒருவர் வீட்டாரை எப்படி நடத்துகிறார் என்பது எனக்கு வேண்டும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற தலைக்கணக்கு வேண்டாம். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று கேட்டால்… தெரியவில்லை. கட்டுரையை இங்கேயே விடுகிறேன்.]

5.

தையல் கூடத்தில் மதிய இடைவேளை. ஓட்டுக் கேட்கப் போயிருந்தோம். முப்பது மிஷின்கள் ஓய்ந்திருந்தன. அக்கா குழாயைப் பற்றிப் பேசி முடித்ததும், பொத்தான் தைக்கும் பெண் அறிக்கையைத் தூக்கிக் காட்டினாள்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்தக் கை யாருது?”

கூடமே சிரித்தது. நான் கதவோரம் நூல்கண்டுப் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றேன்.

(இங்கே மாமா கூட்டத்திலிருந்து எழுந்து ‘என் கை!’ என்று சொல்வதாக ஒரு பக்கம் எழுதினேன். எல்லாரும் கைதட்டினார்கள். கிழித்துவிட்டேன். அந்த நேரத்தில் அவர் ஏதோ ஒரு ஆறாவது மாடியில் இருந்தார்.)

“என் வீட்டுக்காரர் கைதான்,” என்றாள் அக்கா. “ரெண்டு வருஷமா தனித்தனியாத்தான் இருக்கோம். அதைச் சொல்லப் பயந்துக்கிட்டு என் தம்பி அவரை வெட்டிட்டான். நானும் பேசாம இருந்துட்டேன். அது என் தப்பு.”

துணி வெட்டும் பெரியவர் கத்தரியை மேசைமேல் வைத்தார். “வீட்டையே சேர்த்து வச்சுக்க முடியல. வார்டை எப்படிம்மா பாத்துக்குவே?”

“வீடுன்னா ரெண்டு பேரும் ஒத்துக்கணும்யா. குழாய் மாத்த ஒரு ஆள் விடாம கேட்டாப் போதும்.”

பெரியவர் கத்தரியை மறுபடி கையில் எடுத்தார். ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பொத்தான் பெண்தான் அறிக்கையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

“சரி, அதை விடுங்க. எங்க தெருவுல முதல்ல தோண்டுவீங்களா, கடைசியிலயா?”

அதற்கப்புறம் அரைமணி நேரம் குழாய், குழாய், குழாய்தான். நெஞ்சிலிருந்து அம்மிக்கல்லை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. கண் கலங்கிவிட்டது, நூல்தூசி என்று சமாளித்தேன்.

6.

நாளைக்கு ஓட்டு. இந்தப் பிரதியை இன்று காலை அக்காவிடம் கொடுத்தேன்.

“ஏன் பிரிஞ்சோம்னு எழுதலையா?”

“எழுதினேன். எடுத்துட்டேன்.”

தலையாட்டிவிட்டு மேலே படித்தாள்.

“தோத்துட்டா என்னக்கா பண்ணுவே?”

“தோத்தா தோக்கறேன். ஆனா இனிமே குழாய்க்காகத்தான்டா தோப்பேன். அதுவே பெரிய நிம்மதி.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். படம் எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

ஓட்டு நாளைக்குத்தான் என்பதால் முடிவை நான் எழுதப்போவதில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். ஜெயித்தாள் என்று எழுதுங்கள், தோற்றாள் என்று எழுதுங்கள், உங்கள் இஷ்டம். ஒரே ஒரு நிபந்தனை: பக்கத்திலேயே காரணத்தையும் எழுதவேண்டும். எழுதியதை அக்காவிடம் நீங்களே படித்துக் காட்டவேண்டும்.

…………………………………………