9973-ஐ யாரும் வகுக்க முடியாது

1

இந்தக் கதை எனக்கு நியாலாஸ் என்ற மலேசியச் சிற்றூரின் சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் கிடைத்தது. பக்கத்து மேசைக்காரர், விபத்தில் நொறுங்கிய ஒரு மோட்டார் சைக்கிளின் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். செத்தது யார் என்று தேடுகிறார் என நினைத்தேன். அவர் தேடியது வண்டி எண்ணை. லாட்டரிக்கு நாலு இலக்கம் வேண்டுமே. விபத்து வண்டியின் எண்ணில் சீட்டு எடுக்கும் நம் ஆட்களின் பழக்கம் தெரிந்ததுதான். ஆனாலும் தட்டைத் தள்ளிவைத்தேன்.

2

முதல் தொடக்கம்: ஷாந்தினி எண்களை நேசித்தாள், எண்களும் அவளை...

வேண்டாம். செத்த பெண்ணுக்குப் பூச்சூட்டுகிற வாக்கியம்.

இரண்டாவது: கணித ஆசிரியை ஷாந்தினி தன் மோட்டாருக்கு 9973 என்ற எண்ணைக் கேட்டு வாங்கினாள். "நாலு இலக்கத்துல இதுதாம்பா ஆகப் பெரிய பகா எண். ஒன்னையும் அதையும் விட்டா எதாலயும் வகுக்க முடியாது," என்றாள். தோட்டத்தில் செம்பனைக் குலை லாரி ஓட்டும் அப்பா மணியத்துக்குப் பாதிதான் புரிந்தது.

"வண்டி ஓடுனா சரிலா."

(97 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். நான் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஏதோ மிஞ்சியது.)

மழையில் வண்டி வழுக்கி, ஷாந்தினி ஒரு வளைவில் செத்துப்போனாள். நொறுங்கிய வண்டியின் படம், எண் தெரிய, வாட்சாப்பில் சுற்றியது.

3

எரித்துவிட்டு வந்த மறுநாள், தோட்டத்து லய வரிசையில் பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா மணியத்துக்குச் சோறு கொண்டுவந்தார்.

"சாப்பிடு தம்பி. லயத்துல எல்லாரும் அந்த நம்பர எடுத்திருக்காங்க. கூட்டினா ஒன்னு வருது, நல்ல நம்பர். புள்ள நமக்கு ஏதோ குடுத்துட்டுப் போறா." ஒரு சீட்டை அவர் கையில் வைத்தார். "ஒன் பேருலயும் எடுத்துட்டேன்."

குஞ்சம்மா கெட்டவரல்ல. அழுதழுது அவர் கண்கள் வீங்கியிருந்தன. அதுதான் கொடுமை.

மணியத்தால் கோபப்பட முடியவில்லை. சாலையில் விபத்தென்றால் லாரியை மெதுவாக்கி, ஆளைப் பார்க்குமுன் எண்ணைப் பார்த்தவர் அவர்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது: அப்படி அடித்த பரிசில்தான் மகளுக்கு மோட்டார் வாங்கினார் என்று. அடித்துவிட்டேன். அந்த மனிதரைத் தண்டிக்க எனக்கேன் அவ்வளவு ஆசை?]

4

குலுக்கல் மாலை ஏழு மணிக்கு. மணியம் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அந்த எண் வரக்கூடாது. வந்தால் மகளின் சாவு லயத்துக்கே அதிர்ஷ்டமாகிவிடும். சீட்டைக் கிழிக்கவும் கை வரவில்லை. அதில் இருப்பது அவள் எண்.

முடிவு அ: வேறு எண் வருகிறது. "சே, புள்ள ஏமாத்திருச்சு," என்று யாரோ சொல்வது அவர் காதில் விழுகிறது.

முடிவு ஆ: 9973 அடிக்கிறது. குஞ்சம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். அந்த அழுகை எதற்கென்று...

5

இரண்டையும் எழுத மாட்டேன். ஏழு மணி அடிக்க விடாமல் நிறுத்தியிருக்கிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். லயத்தார் அந்த எண்ணில் சீட்டு எடுத்தார்கள், நான் கதை எடுத்தேன். இப்போது அந்த எண் உங்களுக்கும் தெரியும். அடுத்த முறை நம்பர் கடையைத் தாண்டும்போது, கேட்காமலே உங்கள் நினைவில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், முடிவு உங்கள் கையில். மணியம் இன்னும் வாசலில்தான் இருக்கிறார்.