காலை மாத்திரை

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருஷம் குப்பை கொட்டியவள் அவள். மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் என்ற உப்பின் அளவை ரத்தத்தில் பார்க்க யார் வந்தாலும், ஊசியை எடுக்கும் முன், "காலையில மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பாள். போட்டிருந்தால் நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்பிவிடுவாள். ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் எடுத்தால்தான் சரி. இல்லாவிட்டால் அளவு எகிறிக் காட்டும்.

அதே மாத்திரை சாப்பிட்டுவந்த தன் தம்பியிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா, பாவி! அன்று பார்த்துக் கூட்டம் நெட்டித் தள்ளியது. வந்து உட்கார்ந்தவன், "அக்கா, என் ரத்தத்துல உப்பு தூக்கலா கம்மியான்னு பாத்துச் சொல்லு" என்று வாயடித்தான். அவளும் சிரித்துக்கொண்டே ஊசியைக் குத்திவிட்டாள்.

அளவு தூக்கலாகத்தான் வந்தது. கையும் லேசாக நடுங்குகிறதே என்று டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். ஏழாவது வாரம் தம்பி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான்.

காரியமெல்லாம் முடிந்தபின் அவள் டாக்டரிடம் போய் நின்றாள்.

"சில பேருக்கு மூளைக்குள்ள ஒரு அழற்சி புகைஞ்சுக்கிட்டே இருக்கும்னு சொல்றாங்க. சாகணுங்கற நினைப்புக்கும் அதுக்கும் தொடர்பு இருக்கலாம். லித்தியம் அதைத் தணிக்குதான்னு இன்னும் ஆராய்ஞ்சுக்கிட்டுதான் இருக்காங்க. எப்படியோ, அந்த மாத்திரை நிறைய பேரை இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கு."

"அப்ப, குறைச்சதாலதானா டாக்டர்?"

"அது மட்டும்தான்னு சொல்ல முடியாதும்மா."

அந்த 'மட்டும்' அவளைச் சும்மா விடவில்லை. நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். அங்கே அவன் மனைவி அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தாள்.

"அன்னிக்கு நான் அவருக்கு முகங்கொடுத்துப் பேசலை அண்ணி. அதான் போயிட்டாரு."

"ஒண்ணு கேக்கறேன். ரத்தம் குடுக்க வந்தானே, அன்னிக்குக் காலையில மாத்திரை போட்டானா?"

"போடாம? மறந்துட்டுக் கிளம்பிட்டாரு. 'ஒரு வேளை விட்டாலும் அக்கா திட்டுவா'ன்னு, வந்த பஸ்ஸை விட்டுட்டுத் திரும்பி ஓடி வந்து போட்டுக்கிட்டுப் போனாரு."

தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"நீ பேசாததால இல்லம்மா. நான் ஒரு வார்த்தை கேக்காததால."

தம்பி மனைவி கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"உங்களைத்தானே அண்ணி அவ்வளவு நம்பினாரு" என்றாள்.