இடப்பக்கம் இழுத்த பிக்கப்

கம்பத்திலிருந்து குமுளிக்கு வாழைத்தார் ஏற்றிப் போகும் பீட்டர்ராஜின் பிக்கப், ஒரு வாரமாக இடப்பக்கமே இழுத்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து அவருக்குத் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. மெக்கானிக் ஜான்சி டயரில் காற்றைப் பார்த்தாள், அலைன்மென்ட் பார்த்தாள், குறை தெரியவில்லை. தனியாக ஓட்டிப் பார்த்தாள். வண்டி நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது.

"அண்ணே, உங்க கூட வண்டியில யாரு வருவாக?"

"என் மச்சான் ஆண்டனி ராஜ்தான். இடப்பக்க சீட்டுல."

நூற்று முப்பது கிலோ ஆண்டனி ராஜ் டீக்கடையிலிருந்து வடையோடு வந்து ஏறினார். வண்டி அப்படியே சாய்ந்தது. ஜான்சி அடியில் குனிந்து பார்த்தாள். வண்டியைச் சாயவிடாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் இணைப்பு, இடப்பக்கம் ஒடிந்து தொங்கியது.

"பார்ட்ஸ் நாளைக்குத்தான் வரும்ணே. அதுவரைக்கும் இவுகளப் பின்னாடி நட்ட நடுவுல நிப்பாட்டிக் கூட்டிட்டுப் போங்க."

அன்று கூடலூர் வரை ஆண்டனி ராஜ் வாழைத்தார்களுக்கு நடுவே நின்று, தெரிந்தவர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டே போனார். யாரோ வேட்பாளர் என்று நினைத்துச் சனங்கள் பதிலுக்குக் கும்பிட்டார்கள். ஒருவர் ஓடிவந்து தெருவிளக்கு எரியவில்லை என்று மனுவே கொடுத்துவிட்டார்.

மறுநாள் புது இணைப்பு மாட்டியதும் வண்டி நேராக ஓடியது. ஆனால் ஆண்டனி ராஜ் முன்னால் ஏற மறுத்துவிட்டார்.

"உள்ள உக்காந்தா நம்மள யாரு மாப்ள பாக்குறாக?"