சூளைக் கணக்கில் ஒரு காற்றுக் குழல்

தேவநாதனின் கனவிலும் அந்தக் காரின் என்ஜின்தான் ஓடிற்று. இங்கிலாந்தில் 1952ஆம் ஆண்டு செய்த, இருவர் மட்டுமே அமரக்கூடிய பந்தயக் கார் அது. அதன் சொந்தக்காரர் புதுச்சேரி ராஜவேல் அதை விருத்தாசலத்தில் இருந்த தேவநாதனின் பட்டறையில் விட்டு ஆறு மாதமாயிற்று. சிலிண்டர் தலையைச் சீவி, பிஸ்டன்களின் எடையைச் சமன்செய்து, வால்வுகளை அரைத்து, அதன் மூச்சைத் திருத்தியவன் தேவநாதன். தன் கைபட்ட என்ஜின் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தில் முழங்குவதை ஒருமுறை கேட்டுவிட வேண்டும். வாழ்க்கையில் வேறொன்றையும் அவன் அவ்வளவு விரும்பியதில்லை. வெள்ளிக்கிழமை காலைக்குள் தயாராகாவிட்டால் கார் கோயம்புத்தூர் மெக்கானிக்கிடம் போய்விடும் என்று ராஜவேல் கறாராகச் சொல்லியிருந்தார்.

கார்புரேட்டரின் வாயில் பொருத்தும் காற்றுக் குழல் விரிசல் கண்டிருந்தது. மாற்றுக் குழல் எங்கும் கிடைக்கவில்லை. பீங்கான் ஆலையில் அச்சு செய்யும் மனைவி அமுதவள்ளியிடம் அதைக் கொடுத்தான். அவள் அளந்து, பிளாஸ்டரில் மாதிரி கடைந்து, அச்செடுத்து, சூளையோரம் காயவைத்தாள். வியாழன் மதியம் அதில் அலுமினியத்தை உருக்கி ஊற்றினார்கள். ஊமத்தம்பூப் போல வெளிவந்த குழல், பழையதைவிட ஒரு விரற்கடை நீண்டிருந்தது.

அமுதவள்ளி நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேகும்போது மண் எட்டில் ஒரு பங்கு சுருங்கும். அதற்காகப் பெருக்கிக் கடைவது அவளுக்குப் பதினைந்தாண்டுப் பழக்கம்; இதையும் கை அப்படியே கடைந்துவிட்டது.

“அலுமினியம் என்னா களிமண்ணா அமுதா, வெந்து சுருங்க?”

“இது கப்பு சாசர் இல்லன்னு அப்பவே சொல்றதுக்கென்னா? வாயில கொழுக்கட்டையா?”

“ரம்பத்த எடு.”

“ஓட்டிப் பாத்துட்டு அறுங்க. அறுத்தா ஒட்டாது.”

தளர்ந்த அடிவாயில் ரப்பர்ப் பட்டையைச் சுற்றி இறுக்கினான். மாலையில் இருவரும் கருவேப்பிலங்குறிச்சிச் சாலையில் போனார்கள். மஞ்சள் வெயிலில் வயல்கள் நீருக்கடியில் கிடப்பவைபோல் அசைந்தன. நேர்ச்சாலையின் உச்ச வேகத்தில் என்ஜின் சற்றுத் திணறியது. வேகம் குறைந்த வளைவிலோ, ஆக்சிலரேட்டர் மிதியைத் தொட்டதும், அடிவயிற்றிலிருந்து ஒரு கார்வை எழுந்து காரை ஏந்திக்கொண்டது. சாலை தன்னிடமே மிதந்து வருவதாகத் தேவநாதனுக்குத் தோன்றிற்று. திரும்பி வந்தவன் ரம்பத்தைத் தேடவில்லை.

மறுநாள் காலை ராஜவேல் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“நேர் ரோட்டுல கொஞ்சம் இழுக்குது. வளைவுல யாரோ முதுவுல கைவெச்சுத் தள்ற மாதிரி இருக்குது. யோசிச்சுத்தான் பண்ணீங்களா?”

ஆமாம் என்று சொல்ல நாக்கு எழுந்தது. அவன் அமுதவள்ளியைப் பார்த்தான்.

“இல்லீங்க. வூட்ல சூளைக் கணக்குல கடைஞ்சிட்டாங்க. தப்புதாங்க. அறுத்துடறேன், பத்தே நிமிஷம்.”

“ரம்பத்த தொட்டீங்க, ஒங்க கைய ஒடச்சிடுவேன்,” என்று சிரித்தார் ராஜவேல். “இருங்காட்டுக்கோட்டைத் தடத்துல வளைவுதாங்க அதிகம். கார லாரியில ஏத்துங்க. நீங்க ரெண்டு பேரும் கூடவே வாங்க.”

“ஆலைல லீவு சொல்லிட்டு ஓடியாந்துடறேன், லாரிய எடுத்துடாதீங்க!” என்று அமுதவள்ளி தெருவில் இறங்கினாள்.